மதுரைல கஷ்டப்படுற குடும்பத்துக்கு சாப்பாட்டு உதவி எங்க கிடைக்கும், உணவு வங்கின்னா என்ன?

உணவு வங்கின்னா, தேவைக்கு மேல வச்சிருக்கவங்ககிட்ட அரிசி பருப்பு வாங்கி வச்சு இல்லாதவங்களுக்கு கொடுக்குற இடம், அவ்வளவுதான். சித்திரைத் திருவிழால நீர்மோர்ப் பந்தல்ல யாரு எந்த ஊருன்னு கேக்காம டம்ளரை நீட்டுவாங்கல்ல, அதே மாதிரி. வெளிநாட்டுல இதுக்குன்னு தனிக்கட்டடமே இருக்கும். நம்ம ஊர்ல அந்த வேலைய ரேஷன் கடை, கோயில், பள்ளிக்கூடம்னு பலபேரு பிரிச்சு செய்றதால ஒரே போர்டு தேடுனா கண்ணுல படாது.

அரிசி கார்டுக்கு 2011லருந்து அரிசி இலவசம், ஆனா அது மாசத்துக்கு ஒருதடவ, பசி தெனமும் வருதுல்ல. அதுக்குத்தான் அம்மா உணவகம், 1 ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம். மீனாட்சி அம்மன் கோயில்ல அன்னதானம் உண்டு. அரசுப் பள்ளில 1லருந்து 5ஆம் வகுப்பு புள்ளைகளுக்கு காலைச் சாப்பாடும் போடுறாங்க, 2022 செப்டம்பர்ல நம்ம மதுரைலதான் அதைத் தொடங்குனாங்க. கர்ப்பிணி, கைக்குழந்தை வீட்ல இருந்தா மொதல்ல அங்கன்வாடி அக்காவப் பாருங்க, சத்துமாவு கிடைக்கும், தெருவுல யாருக்கு என்ன கஷ்டம்னும் அவங்களுக்குத்தான் தெரியும்.

கார்டு இல்லைன்னா எதுவும் கிடைக்காதுன்னு நெறய பேரு பட்டினியாவே இருந்துடுறாங்க, அது தப்பு, அம்மா உணவகத்துலயும் அன்னதானத்துலயும் கார்டே கேக்க மாட்டாங்க.