ஸ்பீக்கிங்கில் மட்டும் ஏன் ஐந்தரை?

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும், வெளிநாடு போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐஇஎல்டிஎஸ்ஸில் ரீடிங், லிசனிங் இரண்டிலும் ஒன்பதுக்கு ஏழு. ஸ்பீக்கிங் மட்டும் ஐந்தரை. கோச்சிங்கில் கொடுத்த ஐம்பது பதிலையும் மனப்பாடம் செய்துதான் போனேன். ஆறு வாரத்தில் மறுபடி எழுதப் போகிறேன், என்ன செய்யட்டும்?"

முதலில் அந்த ஐம்பது பதிலையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் இதையே தினமும் கேட்கிறவர், ஒப்பிக்கிற குரல் அவருக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே பிடிபட்டுவிடும், உடனே நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்பார், அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான், மூன்று பகுதி. முதல் பகுதி ஊர், வேலை என்று சும்மா பேச்சு. ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் ஒரு காரணமும் சேர்த்தால் போதும். ஆள் வழுக்கி விழுவது இரண்டாவதில். பேச வேண்டிய தலைப்பு எழுதிய ஒரு அட்டை தருவார்கள், யோசிக்க ஒரு நிமிடம், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் உண்டு, பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்கள் மட்டுமே பேச வேண்டும். பலபேர் அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியமாக எழுதத் தொடங்கி, இரண்டாவது வரியில் நேரம் முடிந்து விழிப்பார்கள்.

'தண்ணீர்க் கரையில் நீங்கள் போன ஓர் இடம்' என்று அட்டை வருகிறது, சரி. பார்க்காத கோவா கடற்கரை எதற்கு? நம் தாமிரபரணிக் கரையின் குறுக்குத்துறையைச் சொல்லுங்கள். தாளில் ஐந்தே சொல்: ஆச்சி, படித்துறை, ஈரத்துணி, முருகன் கோயில், வெள்ளம். தமிழிலேயே எழுதலாம், அந்தத் தாளுக்கு மார்க் கிடையாது. ஆச்சி விடியக்காலையில் கூட்டிப்போனதும் கல் வழுக்கியதும் இறந்தகாலம், ஆற்றுக்குள் நிற்கிற கோயில் நிகழ்காலம், 'வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும்' என்பது நிபந்தனை. இலக்கணத்தில் அவர்கள் தேடுகிற வகை இப்படித் தானாக வந்து விழும். இரண்டு நிமிடம் ஆனதும் பாதியில் நிறுத்துவார்கள், அது எல்லாருக்கும் நடப்பதுதான், முகம் வாட வேண்டாம்.

மூன்றாவதில் அதையே பொதுவாக்கி, ஆறுகளைக் காப்பது யார் பொறுப்பு என்கிற மாதிரி கேட்பார்கள். புரியவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள், தப்பில்லை.

சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. உச்சரிப்புக்காக வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம், தமிழ் வாடை இருக்கலாம், கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் திருத்துவது 'ஃபேன்' 'பேன்' ஆவதையும் 'புக்' 'புக்கு' ஆவதையும். அப்புறம் 'டிட் நாட் வென்ட்', 'ஐயாம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்'. இந்த இரண்டையும் விட்டாலே பாதித் தொல்லை ஒழியும்.

தினம் ஓர் அட்டையைப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டு, எங்கெல்லாம் இழுத்தீர்கள் என்று பார்த்து, அதே அட்டையை இரவில் மறுபடி பேசுங்கள். வார்டில் கேரளத்துச் சேச்சிகள் இருந்தால் டீ நேரத்தில் பத்து நிமிடம் அவர்களோடு ஆங்கிலம் மட்டும்.

இன்னொன்று, போகப்போகிற நாட்டின் நர்சிங் கவுன்சில், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியை ஏற்கிறதா என்றும் விசாரியுங்கள், பிரிட்டனில் ஏற்கிறார்கள். அதன் ஸ்பீக்கிங்கில் நர்ஸும் நோயாளியும் பேசுகிற மாதிரி இரண்டு ரோல்பிளே, தலா ஐந்து நிமிடம். நீங்கள் வார்டில் தினமும் செய்கிற வேலைதான்.