வேலை போன பிறகு நம்பிக்கை விடாமல் இருக்க: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, வேலை இழந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒருவரின் பதில்கள்.

இலந்தைக்குளம், 29 வயது: சார், ஐடி கம்பெனியில லே-ஆஃப் ஆகி மூணு வாரம். எல்லாரும் "பாசிட்டிவா இரு"ங்கிறாங்க. காலையில முழிச்சாலே வயித்தக் கலக்குது. எப்படி சார் பாசிட்டிவா இருக்கிறது?

தம்பி, கையிலுள்ள காசு எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாதவரை வயிறு கலங்கத்தான் செய்யும். அதை முதலில் காகிதத்தில் போடுங்கள். நகையையும் பிஎஃப்பையும் தொடாமல், வங்கியில் இருப்பதையும் செட்டில்மென்ட் பணத்தையும் மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் வாடகை, மளிகை, கரண்ட், பெட்ரோல், இஎம்ஐ. வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, செய்முறை (விசேஷ வீட்டு மொய்) ஆகியவற்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வருடச் செலவை 12-ஆல் வகுத்து இதிலே சேர்த்துவிடுங்கள். 1,80,000 ரூபாய் இருந்து மாதம் 24,000 போனால் ஏழரை மாதம் தாங்கும். இரண்டு மாதத்தை ஆபத்துக்கு ஒதுக்கினாலும் ஐந்தரை மாதம் மிச்சம். நாலாவது மாதக் கடைசியில் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதுவரை உங்கள் துறையிலேயே தேடுங்கள். குறைந்த சம்பளத்துக்குப் போவதா, வெளியூர் போவதா என்பதை அந்தத் தேதியில் முடிவு செய்துகொள்ளலாம். ராத்திரிக்கு ராத்திரி அதை யோசித்துப் புரள வேண்டியதில்லை.

இஎம்ஐ கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள். செக் திரும்பிய பிறகு போனால் அபராதமும் ஏறியிருக்கும், சிபில் (கடன் நாணய மதிப்பெண்) இறங்கியிருக்கும், பேச்சுக்கு மதிப்பும் குறைந்திருக்கும்.

அடுத்தது நேரம். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடி ஊரே வேலையிழந்தபோது, 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கும் போய்விடுகிறது, அதை நாமேதான் திரும்பக் கட்ட வேண்டும். குளித்து, சட்டை மாற்றி, ஒன்பதரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதியம் வரை வேலை தேடல், பிறகு ஏதாவது ஒரே ஒரு பாடம். ஆறு மணிக்கு மேல் வேலை வெப்சைட் பக்கமே போகாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வரும் "வருந்துகிறோம்" மெயில் மறுநாள் காலையையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஒத்தக்கடை: வீட்ல இன்னும் சொல்லல. டிபன் பாக்ஸோட தினமும் கிளம்பிடுறேன். சொல்லிட்டா உடைஞ்சு போவாங்க.

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மறைப்பதற்கே உங்கள் தெம்பெல்லாம் போகும், செலவும் பழையபடியே ஓடும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, மேலே சொன்ன கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: "வேலை போயிருச்சு, ஆறு மாசத்துக்குக் காசு இருக்கு, இப்படித் தேடப்போறேன்." கணக்கோடு வரும் செய்தியை வீடு தாங்கிக்கொள்ளும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எப்போது சொல்வது என்பதை இரண்டு பேருமாக முடிவு செய்யுங்கள்.

வில்லாபுரம்: அக்கவுன்ட்ஸ் வேலை. நூறு இடத்துக்கு மேல பயோடேட்டா அனுப்பிட்டேன் அண்ணே, பதிலே இல்ல. எனக்கே எம்மேல நம்பிக்க போச்சு.

தங்கச்சி, ஒரே பயோடேட்டாவை நூறு இடத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் மௌனம்தான் வரும். அது உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை. விளம்பரத்தில் டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப் சலான் என்று கேட்டிருந்தால், நீங்கள் செய்த அதே வேலைகள் அதே சொற்களில் முதல் பக்கத்தின் மேல்பாதியில் இருக்க வேண்டும். "கணக்கு பார்த்தேன்" என்று எழுதாமல், மாதம் எத்தனை பில், எத்தனை பேருக்குச் சம்பளப் பட்டியல் என்று எண்ணோடு எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும், ஒவ்வொன்றுக்கும் திருத்தி அனுப்புங்கள்.

அதைவிட முக்கியம் ஆட்களிடம் பேசுவது. வேலைத் தகவல் நெருங்கிய சொந்தத்தைவிட எப்போதாவது பார்க்கும் ஆட்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். நம் நெருங்கிய வட்டத்துக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பழைய ஆபீஸ் ஆடிட்டர், சப்ளையர், கூடப் படித்தவர் என்று வாரம் பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். "வேலை இருக்கா?" என்றால் "இல்ல" என்று முடிந்துவிடும். "கப்பலூர்ப் பக்கம் அக்கவுன்ட்ஸுக்கு ஆள் எடுக்கிறவங்க யாரையாவது தெரியுமா?" என்று கேளுங்கள். வாரக் கடைசியில் உங்கள் கையில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை போன், எத்தனை விண்ணப்பம். பதில் வருவது உங்கள் கையில் இல்லை.

பழைய கம்பெனி மேல் கோபம் இருந்தால் இன்டர்வியூவில் குரலே காட்டிக்கொடுத்துவிடும். வேலையிழந்த பொறியாளர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளியானது. வேலை போனதைப் பற்றி மனதில் உள்ளதை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. யாருக்கும் காட்ட வேண்டாம், எழுதிக் கிழித்தும் போடலாம். கேள்வி வரும்போது "ஆள் குறைத்தார்கள், அதில் என் பிரிவும் போனது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உங்களுக்கு என்ன தெரியும் என்பதற்குப் போய்விடுங்கள்.

கோ.புதூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் தேதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. "ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ்" கேட்கிறவன் எவனாக இருந்தாலும் ஏமாற்றுக்காரன். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

திருமங்கலம்: நாலு வருசம் பத்து மாசம் சர்வீஸ். அஞ்சு வருசம் ஆகாததால கிராஜுவிட்டி இல்லங்கிறாங்க. பிஎஃப்பை எடுத்துரலாமா?

விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் (வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமானால் 190 நாள்) வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதம் தாண்டினால் அது முழு வருடம். 20,000 ரூபாய்க்கு ஐந்து வருடம் என்றால் சுமார் 57,700. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

பிஎஃப் கடைசி ஆயுதம். ஐந்து வருடத் தொடர் சர்வீஸுக்கு முன் எடுத்தால் வரி வரும். புது வேலை கிடைத்ததும் கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேரும்.

கப்பலூர், 47 வயது, மில் சூப்பர்வைசர்: இந்த வயசுல யாரு எடுப்பா? வந்த காசுல பேக்கரி போடலாமான்னு யோசனை.

அண்ணே, பெரிய கம்பெனியில் வயது இடிக்கும், அது உண்மை. சின்ன யூனிட்டுகளில் ஷிப்டும் மெஷினும் தெரிந்த ஆளுக்குத் தட்டுப்பாடு உண்டு. முதலாளியை நேரில் பார்த்துப் பேசுங்கள். பேக்கரிக்கு செட்டில்மென்ட் பணத்தைப் போடாதீர்கள், முதல் ஆறு மாதமாவது வேண்டாம். தெரியாத தொழிலில் அட்வான்ஸும் அடுப்பும் வாங்கியதோடு காசு முடிந்து, நடைமுறை மூலதனம் இல்லாமல்தான் கடைகள் மூடுகின்றன. தொழில்தான் என்றால் தெரிந்த தொழிலாக இருக்கட்டும். மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி திட்டத்தை (சொந்தத் தொழிலுக்கு மத்திய அரசின் மானியத்தோடு வங்கிக் கடன்) கேளுங்கள். பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 சதவீதம் கைக்காசு போட வேண்டும், மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம்.

மேலூர்: எங்க வீட்டுக்காரர் ஒரு மாசமா கட்டில விட்டு எந்திரிக்கல. சாப்பாடு, தூக்கம் ரெண்டும் இல்ல. நேத்து "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னாரு.

அம்மா, இதை இன்றே கவனியுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், உடனே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆமாம் என்று சொல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைதான். வேலை தேடச் சொல்லி இப்போது நெருக்காதீர்கள்.

உசிலம்பட்டி: ஆவணியில மூணு கல்யாணம். செய்முறைக்கும் காசில்ல, "எங்க வேல பாக்குற"ன்னு கேப்பாங்கன்னு போகவும் பிடிக்கல.

மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யுங்கள், மற்றவர்களுக்கு 200 ரூபாய் எழுதினால் போதும். கல்யாணத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். பத்து ஊர் ஆள் ஒரே பந்தலில் கிடைப்பது அங்கேதான். கேட்டால் "அந்த வேலை போச்சு மாமா, குடோன் இன்சார்ஜ் வேலை தேடுறேன்" என்று வேலையின் பெயரைச் சொல்லியே பதில் சொல்லுங்கள். யாராவது "எங்க மச்சான் கம்பெனியில கேட்டுப் பாக்குறேன்" என்றால், நம்பரை வாங்கி மறுநாள் காலையிலேயே பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.