அவசரப்படுத்தியவர் யார்?

கேள்வி: தீபாவளிக்காகத் துணி விற்கும் செயலி ஒன்றில் 1,899 ரூபாய்க்கு ஆர்ட் சில்க் புடவை எடுத்தேன். ‘இன்னும் 9 நிமிடம், கடைசி 2 புடவைகள்’ என்று கடிகாரம் ஓடியது. பணம் கட்டிய பிறகுதான், நன்கொடை 20 ரூபாயும் பார்சல் பாதுகாப்புக்கு 29 ரூபாயும் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் அதே புடவைக்கு அதே கடிகாரம் ஓடுகிறது! ‘நீ பார்த்து வாங்கியிருக்க வேண்டும்’ என்கிறான் மகன். தவறு என்னுடையதா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை அம்மா. மகனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

சிக்பேட்டைக் கடைக்காரர் இருபது புடவைகளைப் பிரித்துப் போட்டு ஆசை காட்டுவார், அது வியாபாரம். பில் போடும்போது உங்களைக் கேட்காமல் கோயில் உண்டியலுக்கென்று 20 ரூபாய் சேர்த்தால் விடுவீர்களா? பில்லை அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அதையே செல்போன் திரையில் செய்தால் மட்டும், ஏமாந்தவரைக் குற்றம் சொல்கிறோம். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. ‘டார்க் பேட்டர்ன்’ என்பது இவற்றின் பொதுப்பெயர். பொய்யான அவசரம் காட்டுவது அவற்றில் ஒன்று. வாங்குபவரின் சம்மதமின்றிக் கூடைக்குள் பொருளையோ சேவையையோ நுழைப்பது இன்னொன்று. அங்கே நன்கொடையும் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதமாகாது என்று 2020-இன் மின்வணிக விதிகளே சொல்லிவிட்டன.

பிறகு ஏன் நிற்கவில்லை? 2025 ஜூனில் ஆணையம், விற்பனைத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கலாமா? வெளியார் தணிக்கை செய்து, முடிவை மக்கள் முன் வைக்க வேண்டும். 49 ரூபாய்தானே என்று பண்டிகை நேரத்தில் லட்சம் பேர் விட்டால், அது 49 லட்சம்.

நீங்கள் விடாதீர்கள். உண்மையிலேயே சரக்கு தீரும்போது அவசரப்படுத்துவது தவறாகாது. மறுநாளும் ஓடிய கடிகாரம்தான் உங்கள் சாட்சி. இன்னும் ஓடினால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் அந்தச் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே மனுச் செய்யலாம். அந்த 20 ரூபாயையும் 29 ரூபாயையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மனுவைத் தட்டச்சு செய்யும் வேலையை மகனிடம் கொடுங்கள்.