ஒரே விதி எல்லோருக்கும் நியாயமா?

கேள்வி: பன்முகத்தன்மை, சமத்துவ நீதி, உள்ளடக்கம் என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கூட்டம் நடத்துகிறார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாதா? சிலருக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்வது சலுகை ஆகாதா?

பதில்: பன்முகத்தன்மை என்பது யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு, உள்ளடக்கம் என்பது அவர்கள் பேசும்போது மற்றவர்கள் காது கொடுக்கிறார்களா என்பது. முதலாவதை எண்ணிக் காட்டிவிடலாம். பல நிறுவனங்கள் அதோடு நின்றுவிடுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஐயம் நடுச்சொல்லான சமத்துவ நீதியைப் பற்றியது. நேர்காணல் மாடியில் நடக்கும், எல்லோரும் படியேறி வர வேண்டும் என்பது பொது விதிதான். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அது மூடிய கதவு. நேர்காணலைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதால் கேள்விகள் எளிதாகிவிடுவதில்லை. தகுதியை அளக்கும் அளவுகோல் அப்படியே இருக்க, தகுதியோடு தொடர்பில்லாத தடை மட்டுமே விலகுகிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாத இத்தகைய மாற்றங்களை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அதற்கு வெகு முன்னரே, 1958-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 111-ஆம் உடன்படிக்கை, இனம், நிறம், பால், மதம், சமூகப் பின்புலம் முதலியவற்றின் பேரில் வேலையில் காட்டப்படும் பாகுபாட்டை ஒழிக்கச் சொன்னதோடு, குறிப்பிட்ட பணிக்கு உள்ளபடியே தேவைப்படும் தகுதியைக் கேட்பது பாகுபாடு ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது.

கூட்டங்கள் சலிப்பூட்டினால் வியப்பில்லை. பதவி உயர்வு எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.