பகலில் வானம் நீலமாக இருக்கும்போது விண்வெளி மட்டும் ஏன் கருப்பாக இருக்கிறது?

சூரியன் விண்வெளியிலும்தானே எரிகிறது, அப்படியிருக்க இங்கே பகல் வானம் நீலமாகவும் அங்கே சுற்றிலும் கருப்பாகவும் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இதைக் கேட்டுத் துளைத்தெடுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்; நம்மைப் போன்றவர்களுக்குத் தாமாக இந்தச் சந்தேகம் வருவதில்லை. நான் இயற்பியல் பட்டம் பெற்றவன் அல்லன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆகவே, பேராசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்து ஒளி புறப்பட்டுக் கண்ணுக்குள் வந்து சேர வேண்டும். விண்வெளியில் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மைக் கடந்து பக்கவாட்டில் போகும் ஒளியை நம் பக்கம் திருப்பிவிட அங்கே ஏறத்தாழ எதுவுமே இல்லை. பூமியில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை என்பதால், அவை நீலம் போன்ற குறைந்த அலைநீளமுள்ள ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1871இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே காட்டினார். 450 நானோமீட்டர் நீலத்தையும் 700 நானோமீட்டர் சிவப்பையும் வைத்துக் கணக்குப் போட்டால், நீலம் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. வானத்தின் எந்த மூலையைப் பார்த்தாலும் அங்குள்ள காற்று நமக்கு அனுப்பிவைக்கும் ஒளியில் நீலம் ஓங்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதையேதான் எடுத்துக்கொண்டாள். வீட்டில் சும்மா கிடந்த மீன் தொட்டியில் குடிநீர்க் கேனிலிருந்து தண்ணீர் நிரப்பி, மேசைக்கு மேலே கருப்புத் துணி கட்டி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தாள். தெளிந்த தண்ணீரில் ஒளி உள்ளே போவதே பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த துணியின் கருப்புதான் தெரிந்தது. "இது விண்வெளி" என்றாள். பிறகு சில சொட்டுப் பால் விட்டுக் கலக்கியதும், டார்ச் ஒளி போகும் பாதை முழுவதும் மங்கலான நீலமாகத் துலங்கியது. எதிர்முனையில் நின்று டார்ச்சைப் பார்த்தால் அது அந்திச் சூரியனைப் போல மஞ்சள் கலந்த சிவப்பாகத் தெரிந்தது. "இது நம்ம வானம்" என்றாள். (பாலில் உள்ள துகள்கள் காற்று மூலக்கூறுகளைவிடப் பலமடங்கு பெரியவை என்று சண்டைக்கு வர வேண்டாம், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அட்டையில் எழுதியே ஒட்டியிருந்தாள்.)

நடுவராக வந்திருந்தவர் இதை அரைநிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. "பாப்பா, கடலோட நீலம்தாம்மா வானத்துல தெரியுது. கடலூர்ல பொறந்துட்டு இது தெரியலையா?" என்றார். "சார், எங்க ஆயா ஊர் திருவண்ணாமலை. அங்க கடலே இல்லையே, அங்கயும் வானம் நீலமாத்தானே இருக்கு?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முதல் பரிசு சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைத்த எரிமலைக்குப் போனது. அந்த எரிமலையைச் செய்த பிள்ளையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் ஆண்டுதோறும் அதே எரிமலைதான் பொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடலின் நிறம்தான் வானத்தில் தெரிகிறது என்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து பார்க்கலாம். பெண்ணையாறும் கெடிலமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கரையோரக் கடல் தேநீர் நிறத்தில் கிடக்கும். மழை விட்ட இடைவெளியில் மேலே வானமோ, தூசியெல்லாம் கழுவப்பட்டு, கோடையில் ஒருநாளும் காணாத அழுத்தமான நீலத்தில் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ராலேயே இதற்கு நேர் எதிராக, ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று எண்ணியிருந்தார். அதை மறுத்தவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் ஒளியை ஒரு நிகோல் பட்டகத்தால் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அதிலிருந்து அவர் வாதிட்டார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் சேர்ந்தே கடலுக்கு அந்த நிறத்தைத் தருகிறது.

அந்தப் பட்டகம் செய்த வேலையை இன்று என் கடையில் விற்கும் போலரைஸ்டு கண்ணாடி செய்கிறது. அதைப் போட்டுக்கொண்டு செல்போனைச் சாய்த்தால் திரை கருத்துப்போகிறது, கண்ணாடி பழுது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் உண்டு. அவர்களை நான் வாசலுக்கு அழைத்துப் போவேன். வெயில் ஏறாத காலையில், சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கும்போது, அந்த லென்ஸைத் தலைக்கு நேர் மேலே நீட்டி மெல்லச் சுழற்றினால் வானத்தின் நீலம் ஒரு நிலையில் இருண்டு, கால் சுற்றில் மறுபடி வெளுக்கும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் சிதறி வரும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால் இப்படி நடக்கிறது. வெறும் காற்றிலிருந்துதான் இந்த நீலம் வருகிறது என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி என்னிடம் இல்லை.

மேலே போகப்போகக் காற்றுக் குறைகிறது, நீலமும் கூடவே கருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் 99 விழுக்காடு நமக்குக் கீழே போய்விடுவதால், பலூனில் கட்டி அனுப்பும் கேமராக்கள் பட்டப்பகலிலேயே கருப்பு வானத்தைப் படம்பிடிக்கின்றன. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் நின்றபோதும் அங்கே பகல்தான், தரை வெயிலில் பளிச்சிட்டது, வானம் மட்டும் கருப்பு.

அப்படியானால் நீலத்தைவிட அலைநீளம் குறைந்த ஊதா நிறத்தில் அல்லவா வானம் இருக்க வேண்டும் என்று கீழே யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம்மை எட்டும் சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாக உணராது.