கொரிய வரலாற்றுப் படங்களில் எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள், பன்மைத்தன்மை எங்கே இருக்கிறது?

அரண்மனைக் கதைகளை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அரசர், பட்டு உடை, சதி செய்யும் அமைச்சர்கள் என்று ஒரே உலகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லீ ஜூன்-இக் இயக்கி 2021-இல் வந்த ‘தி புக் ஆஃப் ஃபிஷ்’ அதை மாற்றியது. கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

1801-இல் கொரியாவில் கத்தோலிக்கர்களை வேட்டையாடினார்கள். அதில் சிக்கிய மூன்று சகோதரர்களில் ஒருவருக்கு மரண தண்டனை. ஒருவர் தண்டனையாகக் காங்சின் என்ற தொலைதூர ஊருக்கு அனுப்பப்பட்டார். மூத்தவரான அறிஞர் சோங் யாக்-சோன், தென்மேற்குக் கடலில் இருக்கும் ஹுக்சான் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சாங்தே என்ற இளம் மீனவனைச் சந்திக்கிறார். ‘மதத் துரோகியிடம் பாடம் கேட்கமாட்டேன்’ என்று முதலில் அவன் விலகிப் போகிறான். பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள்: அவர் நூல்களைச் சொல்லித்தர வேண்டும், அவன் மீன்களைச் சொல்லித்தர வேண்டும். திருக்கை போகும் வழி திருக்கைக்குத்தான் தெரியும் என்று அவன் சொல்லும் இடத்தில், அந்தப் பெரிய அறிஞரே மாணவராகிவிடுகிறார்.

இதில் சாங்தே முழுக்கக் கற்பனைப் பாத்திரம் இல்லை. சோங் யாக்-சோன் 1814-இல் எழுதி முடித்த மீன் நூலின் முன்னுரையிலேயே அவன் பெயர் இருக்கிறது: பழைய நூல்களை விரும்புகிறவன், வீட்டில் அதிகம் புத்தகம் இல்லாத ஏழை. நூலுக்குள்ளும் ‘சாங்தே சொல்கிறான்’ என்று அவன் சொன்னதை அவன் பெயரிலேயே குறித்திருக்கிறார். பிறப்பை வைத்தே மனிதரை அளந்த, சோசோன் வம்சம் கொரியாவை ஆண்ட காலத்தில், மீனவன் சொன்னதை அவன் பெயரோடு ஓர் அறிஞர் எழுதி வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவனுடைய வாழ்க்கைக் கதையைத்தான் படம் கற்பனையால் நிரப்புகிறது. படத்தில் அவன் மேல்குடித் தந்தைக்குப் பிறந்தும் அந்தக் குடும்பத்தில் இடம் கிடைக்காத மகன். படிப்பு மேல் அவனுக்கு ஏன் அவ்வளவு வெறி என்பது அப்போதுதான் புரிகிறது.

பேச்சையும் சொல்ல வேண்டும். தீவு மக்கள் கொரியாவின் தென்மேற்கில் இருக்கும் ஜொல்லா பகுதியின் வட்டார வழக்கில் பேசுகிறார்கள், தலைநகரிலிருந்து வந்தவர் வேறு மாதிரி பேசுகிறார். ஆங்கில சப்டைட்டிலில் இது அப்படியே காணாமல் போகிறது. எல்லாரும் ஒரே மாதிரி தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுத்தைப் படிப்பதோடு குரல்களையும் கவனித்துக் கேளுங்கள்.

அதே படத்தில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. அறிஞருக்கு வீட்டில் இடம் கொடுத்து, அவரோடு வாழும் பெண்ணாக, ‘பாரசைட்’ படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த லீ ஜங்-உன் நடித்திருக்கிறார். விதையை மட்டும் பெரிதாகப் பேசி நிலத்தை மறக்கும் ஆண்களைக் கண்டிக்கும் தைரியம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அவளை எல்லாரும் ‘காகோதேக்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். காகோ தீவிலிருந்து வந்தவள் என்று மட்டுமே அதற்குப் பொருள். அந்தக் காலத்து வழக்கம் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவளுக்கு ஒரு பெயராவது கொடுத்திருக்கலாம் என்று மனம் கேட்கிறது.

அப்புறம், மூன் சுன்-தக் என்ற திருக்கை மீன் வியாபாரி. இவரும் உண்மையான மனிதர், படத்திலும் வருகிறார். அவருடைய படகு காற்றில் அடித்துப்போய் இன்று ஜப்பானைச் சேர்ந்த ரியூக்யு தீவுகளுக்கும் பிலிப்பைன்ஸின் லூசோனுக்கும் ஒதுங்கியது. அங்கிருந்து மக்காவ், சீனா வழியாக 1805-இல் ஊர் திரும்பினார். அவர் சொன்னதை சோங் யாக்-சோன் எழுதி வைத்தார். அதே காலத்தில் லூசோன்காரர்கள் சிலர் கரை ஒதுங்கி, தாங்கள் யார் என்று சொல்லத் தெரியாமல் கொரியாவின் ஜெஜு தீவில் பல வருடங்களாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1809-இல், மூன் சுன்-தக்குக்குத் தெரிந்த அவர்கள் ஊர்ப் பேச்சால்தான் அவர்கள் எந்த நாட்டவர் என்று தெரிந்தது. படம் இதுவரைக்கும் போகவில்லை. கொரிய வரலாற்றில் வேற்று மனிதர்களுக்கு இடமே இல்லை என்று நினைப்பவர்களுக்காக, இதையே ஒரு முழுப் படமாக யாராவது எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.