மிதித்தால் கடகடக்கும் மசில் கார்: கேள்வி–பதில்

கே: என்னுடையது பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்க மசில் காரான 1969 போன்டியாக் ஜிடிஓ, 400 கன அங்குல எஞ்சின். மேட்டில் முழுக்க மிதித்தால் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருள்வது போன்ற சத்தம். அந்தக் காலத்தில் இதற்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததாமே? இப்போது அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் 93தான் கிடைக்கிறது.

ப: ஆக்டேன் என்பது, நாக்கிங் எனப்படும் இந்தச் சத்தத்தைப் பெட்ரோல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண். நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோல். அன்று சொன்னது ஆர்ஓஎன் (லேசான சோதனையில் அளந்த ஆக்டேன்) கணக்கு. இந்திய பெட்ரோல் பங்குகளில் இன்றும் அதுதான். இன்றைய அமெரிக்க எண், ஆர்ஓஎன், எம்ஓஎன் (கடுமையான சோதனையில் அளந்தது) இரண்டின் சராசரி. அங்கே 93 என்பது ஆர்ஓஎன்னில் ஏறத்தாழ 97, 98. உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) 10.75:1 என்பதால் தாங்குதிறன் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். பொறி சீக்கிரம் விழுந்தால், தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிஞ்சிய கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள பகுதி உடையும். சரிசெய்யும் வரை தயவுசெய்து முழுக்க மிதிக்காதீர்கள்.

கே: டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வைத்துப் பார்த்துவிட்டேன். குறி சரியாக இருக்கிறது, சத்தம் நிற்கவில்லை.

ப: அந்தக் குறியை நம்பலாமா என்பதுதான் முதல் கேள்வி. கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனையில் உள்ள, அதிர்வைக் குறைக்கும் சக்கரமான பேலன்சரில்தான் அந்தக் குறி இருக்கிறது. அதன் வெளிவளையத்தை ரப்பர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பர் வழுக்கினால் வளையத்தோடு குறியும் நகர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) திருகுங்கள். ஸ்பேனரால் கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில், சுட்டியின் பூஜ்யத்துக்கு நேராக வளையத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை). பழைய குறி அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றிவிடுங்கள். புதுக் கோடு போட்டு ஓட்டினால் அதுவும் நகரும்.

அடுத்து, பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் (வெற்றிட) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் வேகத்தை 3,000 ஆர்பிஎம்முக்கு மேல், குறி நகர்வது நிற்கும் வரை ஏற்றி, மொத்த அட்வான்ஸை (டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்பதை) அளந்து பாருங்கள். இவ்வகை வி8களுக்கு 34 முதல் 36 டிகிரி பொதுவாகப் பொருந்தும். 40ஐத் தொட்டால் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அளவு சரியாக இருந்தும் 2,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழு அட்வான்ஸும் வந்துவிடுகிறதென்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் யாரோ மெல்லிய ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். சற்றுக் கடினமானதை மாட்டுங்கள்.

கே: என் வண்டியில் வேறு மாதிரி. முழுக்க மிதித்தால் சத்தமில்லை. சீரான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது மட்டும் வருகிறது.

ப: அப்படியானால் சந்தேகம் வேக்கம் அட்வான்ஸ் மீது, அதாவது எஞ்சினின் வெற்றிடத்தால் பொறியை இன்னும் முன்னே தள்ளும் அமைப்பின் மீது. முழுக்க மிதிக்கும்போது வேக்கம் கிடையாது, அதனால் அது வேலை செய்யாது. குழாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால், அட்வான்ஸைக் குறைந்த அளவே கூட்டும் கேனிஸ்டர் (அந்த அமைப்பின் டப்பா) வாங்குங்கள். நிற்காவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம், அல்லது கேஸ்கட் (இணைப்புகளை அடைக்கும் தகடு) வழியே காற்று கசியலாம்.

கே: பிளக்கைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ப: முடியும். வெள்ளைப் பீங்கானை பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. பளபளக்கும் துகள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். எண்ணெய்க் கறையையும் கவனியுங்கள், எரியறைக்குள் போகும் எண்ணெய் ஆக்டேனைக் கெடுக்கும். குளிர்ந்த பிளக் (வெப்பத்தை விரைவாக வெளியே கடத்துவது) வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ச்சி, ஏசி பிராண்டில் எண் குறைந்தால் குளிர்ச்சி.

கே: சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடுகிறது. இதுவும் நாக்கிங்தானா?

ப: இல்லை. ஐடில் வேகம் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) அதிகம், அல்லது உள்ளே கரி சூடேறியிருக்கிறது. ஐடிலைக் குறையுங்கள்.

கே: 1970 கமாரோ இசட்/28, கம்ப்ரஷன் 11:1. தடித்த ஹெட் கேஸ்கட் போட்டுக் குறைக்கலாமா?

ப: வேண்டாம். பிஸ்டன் மேலே வரும்போது அதன் தட்டையான பகுதிக்கும் ஹெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அந்த நெருக்கம்தான் கலவையைப் பிழிந்து கலக்கி, மூலையில் தங்கவிடாமல் செய்கிறது. கேஸ்கட் தடித்தால் கம்ப்ரஷன் இறங்கும், இந்தப் பலனும் போய்விடும். பல எஞ்சின்களில் நாக்கிங் அப்படியே நீடிக்கிறது. எஞ்சினை எப்படியும் பிரிக்கப்போகிறீர்கள் என்றால், நடுவில் மட்டும் குழிந்த பிஸ்டன் போட்டு 9.5:1க்கு இறக்குங்கள். சக்தி சற்றுக் குறையும். கழற்றிய பிஸ்டன்களைத் துடைத்து, எண் எழுதிப் பத்திரமாக வையுங்கள். அசல் உதிரிகளோடு இருக்கும் இசட்/28க்கு மதிப்பு அதிகம்.